நோக்கியா ஜெயித்தால் ஜோவிதா வருவாள்

சேலையூர்,
9.11.2009

அன்பு மகள் ஜோவிதாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். அங்கே உன் சுகத்தையும், போன வாரம் போனில் கரகரத்த உன் தொண்டையின் சுகத்தையும் அறிய ஆவல். வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசுகிற பெண்ணுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். ஆயுசில் பாதியை டெலிபோன் இலாகாவில் கழித்தவன் சொல்கிறேன், போனில் ஒரு விஷயத்தையும் முழுதாகப் பேச முடியாது. நான் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் அம்மா ரிசீவரைப் பிடுங்கி, 'சாப்பிட்டியாம்மா, என்ன சாப்பிட்டே?' என்று ஆரம்பித்துவிடுகிறாள். அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்து என் கையில் தரும்போது, 'அப்பா, எனக்கு மீட்டிங் இருக்குப்பா' என்கிறாய். ஆகவே எழுதுகிறேன். நம் பக்கத்து வீட்டு வேதசிரோமணி அண்ணன் மகன் ஜெஃப்ரி, தங்கை கல்யாணத்துக்கு வந்தவன், நாளை அமெரிக்காவுக்கு, உங்கள் ஊருக்கே திரும்புகிறான். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ் என்பதால் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுவான். கூட ஒரு டப்பா அச்சு முறுக்கு. அதில் உடைந்து போனதெல்லாம் அம்மா அடுக்கியது, முழுசாக இருப்பது நான் அடுக்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் நீ போனில் சொன்னாய், 'இந்த மழை வெயில் சொல்ற அப்ளிகேஷன அடுத்து போனுக்குப் பண்ணப் போறோம்ப்பா. எந்தப் போனுக்குன்னு கம்பெனி இன்னும் முடிவு பண்ணல. நோக்கியான்னா சென்னையில டீம் போடுவாங்க, நான் வந்துடுவேன். ஐபோன்னா இங்கயேதான்.' நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாய். இங்கே இரண்டு பேருக்கு அன்று முதல் வேறு பேச்சே இல்லை. அம்மா உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துவிட்டாள். நான் உன் ஸ்கூட்டியை சர்வீஸுக்கு விட்டு வாங்கினேன். நீ போனதிலிருந்து அது போர்டிகோவில்தான் நிற்கிறது. சனிக்கிழமை தோறும் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பேன். 'பெட்ரோல் தண்டம்' என்பாள் அம்மா. ஆனால் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். நீ வந்துவிட்டதுபோல் ஒரு நிமிஷம் தோன்றுகிறதாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, கையில் சாவியை வைத்திருப்பவன் நானே என்றாலும்.

'எப்படிம்மா முடிவு பண்ணுவாங்க?' என்று உன்னைக் கேட்டேன். 'எந்தப் போன நிறையப் பேர் வச்சிருக்காங்க, அதுல யாரு காசு குடுத்து வாங்குவாங்க, எதுல நமக்கு வேலை சுலபம், இதெல்லாம் பாப்பாங்கப்பா' என்றாய். முதல் கேள்வியிலேயே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நிறையப் பேர் வைத்திருப்பது நோக்கியா. இதற்கு அமெரிக்காவில் உட்கார்ந்து யோசிப்பானேன், கேம்ப் ரோட்டில் ஒரு பஸ் ஏறினால் போதாதா? ஏறினேன். எல்லார் கையிலும் என்ன போன் இருக்கிறது என்று சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். முக்கால்வாசி நோக்கியா. மிச்சம் சைனா செட், அது அடித்தால் ஊரே ஹலோ சொல்லும், அதை விட்டுவிடு. கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளின் போன் என்ன மாடல் என்று குனிந்து பார்த்தபோதுதான் வினை வந்தது. 'இன்னா பெர்சு, ஏறுனதுலேர்ந்து போனயே நோட்டம் வுட்டுகினு கீற, இன்னா மேட்டரு?' என்றாள். 'ஒன்றுமில்லையம்மா, இது சிம்பியன் போனா என்று பார்க்கிறேன்' என்றேன். அந்தப் பெயரை நீதான் சொல்லிக்கொடுத்தாய், நோக்கியாவுக்குள்ளே இருக்கும் மூளைக்குப் பெயர் சிம்பியன் என்று. 'எவன்யா அவன் சிம்பியன்? ஒனக்குக் கூட்டாளியா?' என்று அவள் போட்ட சத்தத்தில் கண்டக்டர் வந்துவிட்டார். 'பாத்தா டீசண்டா கீற, பேசாம எறங்கிக்க சார்' என்று விசில் அடித்துப் பாதி வழியில் இறக்கிவிட்டார். பென்ஷன் வாங்குகிற வயதில் போன் திருடன் என்ற பட்டமும் வாங்கியாயிற்று. உனக்காக என்பதால் பரவாயில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஆள் தேடினேன். கேம்ப் ரோடு முனையில் செல்போன் கடை வைத்திருக்கிற மஹீன் தம்பியை உனக்குத் தெரியும், உன் முதல் போனுக்குக் கவர் போட்டுக் கொடுத்தவர். 'தம்பி, மழை வருமா வராதா என்று சொல்கிற அப்ளிகேஷன் நோக்கியாவில் வந்தால் நம் ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவார்களா?' என்று கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்து டீ சொன்னார். 'சார், மழ வந்தா தல நனையும், அதுக்கு இன்னாத்துக்கு சார் காசு? பாட்டு, படம், கேமு அல்லாம் நானே மெமரி கார்டுல ஏத்திக் குத்துடறேன். ஓசின்னா ரெண்டா குடும்பான். காசுன்னா வூட்ல கேட்டுகினு வரேன்னு போவான், திரும்பி வர மாட்டான்' என்றார். இந்தப் பத்தியை மட்டும் உன் மேலதிகாரிக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.

மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். நோக்கியாவில் மாடலுக்கு மாடல் ஸ்கிரீன் வேறு, பட்டன் வேறு, ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தால்தான் ஆகும், அதுதான் பேஜார் என்று நீ சொல்லியிருந்தாய். இவ்வளவுதானா, நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்று நினைத்தேன். தெருவில் எல்லாரிடமும் ஒரு சாயங்காலத்துக்கு என்று போனைக் கேட்டு வாங்கி, நம் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன். நீ மெயிலில் அனுப்பியிருந்த அப்ளிகேஷன் மாதிரியை மஹீன் தம்பி ஒவ்வொன்றிலும் ஏற்றினார். ஒரு போனில் சென்னை என்ற எழுத்து பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. ஒன்றில் சூரியன் மட்டும் வந்து ஸ்கிரீன் முழுக்க உட்கார்ந்துகொண்டது, எந்தப் பட்டனை அழுத்தினாலும் அஸ்தமிக்கவில்லை. இன்னொன்று தாம்பரத்தில் பனி பெய்கிறது என்றது. 'அப்போ ஸ்வெட்டர எடுத்து வெயில்ல போடவா?' என்று அம்மா கேட்டுவிட்டு உள்ளே போனாள். வேதசிரோமணி அண்ணன் போன் மட்டும் ஏதேதோ கேள்வி கேட்டது. உத்தியோகக் காலம் முழுக்க 'இல்லை, முடியாது' சொல்லியே பழகிய கை, அன்று என்னவோ தாராள மனதோடு எல்லாவற்றுக்கும் 'யெஸ்' அழுத்திவிட்டது. அதில் ஒரு கேள்வி, உள்ளே இருக்கும் பெயர்களையெல்லாம் அழித்துவிடலாமா என்பது.

வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருக்கிற மனிதர். யார் கூப்பிட்டாலும் வெறும் நம்பர்தான் வருகிறது. மாப்பிள்ளையின் அப்பா தனசிங் கூப்பிட்டு, 'சம்பந்தி பேசுறேன்' என்றிருக்கிறார். பந்தல்காரருடனும் சமையல்காரருடனும் காலையிலிருந்து மாரடித்துக்கொண்டிருந்த நம் அண்ணன், 'எந்த சம்பந்தி?' என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். எத்தனை சம்பந்தி வைத்திருக்கிறார் இந்த மனுஷன் என்று அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். பாஸ்டர் போய்ப் பேசி, பிறகு நான் போய்க் காலில் விழாத குறையாகப் பேசி, கல்யாணம் ஆண்டவர் புண்ணியத்தில் நல்லபடி முடிந்தது. வேதசிரோமணி அண்ணன் இன்னும் என் முகத்தைப் பார்த்ததும் தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

மனிதர்களால் ஆகிற காரியம் இல்லை என்று தெரிந்தபின், சர்ச்சில் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். மகள் திரும்பி வர வேண்டும் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. உனக்கு அங்கே ஏதோ ஆகிவிட்டது என்று ஊர் நினைக்கும். அதனால் 'சிம்பியனுக்காக ஜெபித்துக்கொள்ளவும் - தயாளன், மெட்டில்டா' என்று மட்டும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கண்களை மூடிக்கொண்டு, 'பலவீனத்தோடு போராடுகிற அன்புத் தம்பி சிம்பியனை நீர் தொட்டு எழுப்பும்' என்று உருகிவிட்டார். சபை முழுக்க ஆமென் சொன்னது. மறுநாளே பெண்கள் ஐக்கியத்தார் பன்னும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து நிற்கிறார்கள். 'தம்பி எப்படி இருக்கான், டாக்டர் என்ன சொல்றாங்க?' என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? பொய் சொல்ல வாய் வரவில்லை. 'போன வருஷம் வரை நல்லா இருந்தான். இப்ப வர வர இறங்கிட்டே போறான்னு பேப்பர்ல போடுறாங்க' என்றேன். ஒரு சகோதரி அழுதே விட்டார்கள். அம்மாவும் சேர்ந்து அழுதாள். அவள் அழுதது சிம்பியனுக்காக இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

கல்யாணப் பந்தியில் ஜெஃப்ரியை மடக்கி, 'நீயும் அதே ஆபீஸ்தானே, எந்தப் போன் என்று முடிவு ஆயிற்றா?' என்று கேட்டேன். பிள்ளை பிரியாணியை விட்டு நிமிரவில்லை. 'கம்பெனி விஷயம் அங்கிள்' என்றான். உன்னைக் கேட்டாலும் 'இன்னும் ஆகலப்பா' என்கிறாய். எப்போது கேட்டாலும் அதே பதில்.

அதனால் உன் மேலதிகாரியிடம் என் சார்பில் சொல். உலகத்தில் காசு உள்ளவன் ஐபோன் வாங்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மழையில் நனைகிறவன் கையில் நோக்கியாதான் இருக்கிறது. அந்த மாடல்கள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிற வேலையை என்னிடமே கொடுக்கட்டும், சம்பளம் வேண்டாம், இனி 'யெஸ்' அழுத்தவும் மாட்டேன். நீ இங்கே வந்து, உன் அறையில் உட்கார்ந்து வேலை செய். அங்கே உன் கம்ப்யூட்டரில் தாம்பரத்தில் மழை என்று பார்த்துவிட்டு, 'குடை எடுத்துட்டுப் போனீங்களாப்பா?' என்று கேட்கிறாயே, அன்றைக்கெல்லாம் எனக்கு நனைந்துவிட்டு வரலாம் போல இருக்கிறது. திட்டுவதற்கு நீ வீட்டில் இருந்தால் நன்றாயிருக்கும். அம்மா சாயங்காலம் டீ போடும்போது இன்னமும் மூன்று பேருக்குத் தண்ணீர் வைக்கிறாள். கேட்டால் கை தவறிவிட்டது என்கிறாள். அந்த மூன்றாவது டீயையும் நானே குடிக்கிறேன், எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் இத்தனை பக்கம்.

வேளைக்குச் சாப்பிடு. தொண்டைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி. நீ போகிற வழியிலும் வருகிற வழியிலும், முக்கியமாக வருகிற வழியில், ஆண்டவர் உனக்குத் துணை இருப்பாராக.

என்றும் உன் அன்பு அப்பா,
தயாளன்

பி.கு.: கடிதத்தை ஒட்டி ஜெஃப்ரி கையில் கொடுத்தும் ஆயிற்று. கொடுக்கும்போது, 'தம்பி, நீயும் உங்கள் மேலதிகாரியிடம் நோக்கியாவுக்காக ஒரு வார்த்தை சொல்' என்றேன். செருப்பை மாட்டப் போனவன் நின்றுவிட்டான். 'அங்கிள், இனிமே தெரியாத மாதிரி இருக்க என்னால முடியல. எந்தப் போனுன்னு முடிவு பண்ற பொறுப்ப ஜோவிதா கையிலதான் குடுத்திருந்தாங்க. அவதான் எல்லாத்தையும் பாத்து ஐபோன்னு சொன்னா. செப்டம்பர்லயே முடிஞ்சிருச்சு' என்றான். சொன்ன பிறகு, திட்டு வாங்கப் போகிறவன் போல முறுக்கு டப்பாவை என்னிடம் திருப்பி நீட்டினான். டப்பாவை நான் வாங்கவில்லை. கடிதத்தை மட்டும் வாங்கிப் பிரித்து இதை எழுதுகிறேன். அவன் வாசலில் நிற்கிறான்.

ஆகவே மேலே உள்ளதை நீ யாரிடமும் படித்துக்காட்ட வேண்டாம். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். 'இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்க ஆசையா இருக்குப்பா' என்று நீயே சொல்லியிருந்தால், இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் சரி என்றிருப்பேன். கம்பெனி என்று சொன்னாய், அதனால்தான் கம்பெனியோடு மல்லுக்கு நின்றேன். மற்றபடி நீ முடிவு செய்தது சரிதான். இங்கே ஒருவரும் வாங்க மாட்டார்கள், நானே விசாரித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். 'அவ்வளவு பெரிய முடிவ நம்ம பிள்ள கையிலயா குடுத்தாங்க?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 'அப்போ நல்லா யோசிச்சுத்தான் பண்ணியிருப்பா' என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

எப்போது வருகிறாய் என்று இனி நான் கேட்கமாட்டேன். அம்மா பக்கத்தில் நிற்கிறாள், அவள் கேட்கச் சொல்கிறாள்: எப்போதம்மா வருகிறாய்?