நெல்லடித்த அம்பாசடர்

அந்தக் காரை நான் ஓட்டவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். அது கிளம்பியபோது நான் பத்தடி தள்ளி, கையில் ஒரு நெற்கட்டோடு நின்றிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

எனக்கு ஒரு வேலையும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லா வேலையும் பாதி தெரியும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, விருதுநகர் பக்கத்திலிருந்து லாரியில் கிளீனராக ஏறியவன் நான். விஜயவாடாவில் பாதி வெல்டிங், நாக்பூரில் பாதி சமையல், கரக்பூரில் பாதி இந்தி. முழுசாகக் கற்றுக்கொள்வதற்குள் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். (முழுசாகக் கற்றது ஒன்றே ஒன்று: பசித்த வயிற்றோடு குப்புறப் படுத்தால் தூக்கம் வரும்.) இப்படியே உருண்டு, தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் வந்து நின்றேன்.

அங்கே சால்ட் லேக்கில் மாயவரத்து அதிகாரி ஒருவர் தமிழ் பேசும் டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரை சார் என்று கூப்பிட்டேன்; இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சாருக்குச் சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசடர். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனப்பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, உள்ளே விரித்த மிதியடிகளை எல்லாம் தானே எடுத்து உதறிப் போடுவார். வண்டியில் ஏறும்போது செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "சுப்பையா, வண்டியில ஒரு கீறல் விழுந்தா நான் சத்தம் போடமாட்டேன். உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன், அவ்வளவுதான்."

கத்துகிறவர்களிடம் எனக்குப் பயம் கிடையாது. லாரியில் திட்டு வாங்கியே வளர்ந்தவன். சத்தம் போடாத ஆட்களிடம்தான் பயம்.

நான் தங்கியிருந்தது ராஜர்ஹாட் பக்கம். இன்றைக்கு அங்கே நியூ டவுன் என்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள். அப்போது வயல், குளம், மூங்கில், மறுபடி வயல். ஹரிபத என்ற விவசாயி வீட்டுப் பின்னறையில் எனக்கு இடம். அவரைக் காகு என்றும், அவர் மனைவியைக் காகிமா என்றும் கூப்பிடுவேன். சித்தப்பா, சித்தி மாதிரி. அவர்கள் வாயில் சுப்பையா நுழையாமல் ஷுப்போ ஆகிவிட்டேன். அவர்களின் மகள் ஜர்ணாவுக்கு நான் ஷுப்போ-தா, அதாவது சுப்பண்ணன். (அண்ணன் என்று கூப்பிட்டவளையே பிறகு கட்டிக்கொள்வது அங்கே சகஜம். எங்கள் ஊரில் இந்த விவரத்தை நான் சொல்லவில்லை.) மஞ்சள்காமாலையில் மூன்று வாரம் நான் கிடந்தபோது பத்தியச் சோறு போட்டுப் பிழைக்க வைத்தது அந்த வீடு. இதைச் சொல்லாவிட்டால் நான் பின்னால் செய்த காரியம் வெறும் கிறுக்குத்தனமாகத் தெரியும்.

கார் கிளம்பிய அன்று காலை சாரை அலுவலகத்தில் இறக்கிவிட்டேன். டெல்லியிலிருந்து அவருடைய மேலதிகாரி மாலை விமானத்தில் வருகிறார், காரை நன்றாகக் கழுவி ஐந்து மணிக்கு வாசலில் நிறுத்து என்றார். "அஞ்சு" என்று சொல்லிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். குளத்துத் தண்ணீர் இருக்கிறதே என்று காரைக் காகு வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

வந்து பார்த்தால் வீடு எழவு விழுந்த மாதிரி இருந்தது. வயல் முழுக்க அறுத்தாகிவிட்டது. அந்த வருடம் அறுவடை தள்ளிப்போய், நெற்கட்டுகள் களத்தில் ஆளுயரத்துக்குக் கிடந்தன. கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றுகிற டீசல் என்ஜின் காலையில் இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் ஊரில் இல்லை. அன்றைக்குப் பார்த்து ஜாமாய் ஷஷ்டி. மாமியார்கள் மருமகன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து மூச்சுமுட்டச் சாப்பாடு போடும் நாள். மெக்கானிக் எங்கோ ஒரு மாமியார் வீட்டில் மீன் தலையோடு போராடிக்கொண்டிருந்தான். வடமேற்கு மூலையில் வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கால்பைஷாகி என்று கோடையில் சாயங்காலம் அடிக்கும் புயல். அது வந்தால் ஆறு மாத உழைப்பு களத்திலேயே முளைக்கும்.

காகு பீடியைப் பற்றவைத்து, குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஜர்ணா என்னைப் பார்த்தாள். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நான் காரைக் கழுவிக்கொண்டு போயிருப்பேன்.

"என்ஜின்தானே வேணும்? இதோ நிக்குதே," என்றேன்.

நாக்பூர் பக்கம் ஒருதடவை லாரிக்கு டயர் பஞ்சர். ஒட்டுகிற நேரத்தில் ஒரு தோட்டத்தில் வேடிக்கை பார்த்தேன். ஜீப் ஒன்றின் பின்சக்கரத்தைத் தூக்கி, பெல்ட் மாட்டி, கரும்பு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் பார்த்தேன். ஜீப்பை இரும்புச் சங்கிலி போட்டு ஒரு வேப்பமரத்தோடு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டயர் ஒட்டியாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

அந்த அரை மணி நேரப் படிப்பை வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். இடது பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கழற்றினேன். டயர் இல்லாத பழைய ரிம் ஒன்றை வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்படி மாட்டினேன். அதன் பள்ளத்தில் பெல்ட்டைப் போட்டு, பின்னால் நின்ற இயந்திரத்தோடு இணைத்தேன். கை பிரேக் போட்டால் பின்சக்கரம் இரண்டும் பிடித்துக்கொள்ளும், எனவே போடவில்லை. தரையில் இருந்த வலது சக்கரத்துக்கு முன்னால் அரைச் செங்கல் இரண்டு வைத்தேன். சாரின் உயிர் அந்த இரண்டு அரைச் செங்கலில் நின்றது.

ஆக்ஸிலரேட்டரை அழுத்த ஓர் ஆள் வேண்டும். கதிர் ஊட்டவும் நெல் அள்ளவும் காகுவும் வேண்டும், நானும் வேண்டும். ஜர்ணாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். அவள் வாழ்க்கையில் காருக்குள்ளேயே உட்கார்ந்ததில்லை. ஸ்டார்ட் செய்து, இரண்டாவது கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரில் காலை வைக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கால் நடுங்கினால் வேகம் ஏறி இறங்கும், பெல்ட் தெறித்து யார் கழுத்தையாவது அறுக்கும் என்று எனக்குப் பயம். அதனால் அழுத்தமாகச் சொன்னேன்: "என்ன ஆனாலும் காலை எடுக்காதே."

அவள் தலையாட்டினாள்.

ரிம் சுற்றியது. கதிரடிக்கும் இயந்திரத்தின் உருளை சுற்றியது. உங்களிடம் மறைப்பானேன், கர்வத்தில் எனக்குக் கண் கலங்கியது. நெல் மழைமாதிரி கொட்டியது. காகு, "மாத்ராஜிக்கு மூளை இருக்கு," என்றார். மாத்ராஜி என்றால் மதராஸ்காரன். அந்த ஊரில் அதை அதுவரை நான் திட்டாகத்தான் கேட்டிருந்தேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. காருக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி உடம்பு உதறியது. ஜாக்கி முனகியது. நான் ஒரு கண்ணால் கதிரையும், ஒரு கண்ணால் ஜாக்கியையும், இரண்டு கண்ணாலும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூட்டை தேறியது. காற்று குபீரென்று குளிர்ந்தது. முதல் தூறல் விழுந்ததும் அந்த இரண்டு மூட்டையையும் காரின் பின்சீட்டில் திணித்தேன். பக்கத்தில் வேறு நனையாத இடமில்லை. (சாரின் பின்சீட்டில்.) அவசரத்தில், ஈரமான ஒரு பெரிய நெற்கட்டை அப்படியே உருளைக்குள் கொடுத்தேன். இன்னொன்றைக் கையில் எடுத்தேன்.

உருளை சிக்கி நின்றது.

இனி, பாதிப் படிப்பில் விட்டுப்போன மீதிப் பாதி. ஒரு சக்கரம் அந்தரத்திலும் ஒன்று தரையிலும் இருந்தால், எது லேசாகச் சுற்றுமோ அதைத்தான் என்ஜின் சுழற்றும். உருளை ஓடும்வரை அந்தரத்துச் சக்கரம் லேசு. உருளை நின்றதும் தரையில் நிற்கிற சக்கரம்தான் லேசு. அரைச் செங்கல் இரண்டும் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. ஜாக்கி சாய்ந்தது. சாரின் அம்பாசடர் தொப்பென்று ரிம்மில் உட்கார்ந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே முன்னால் கிளம்பியது.

முன்னால் நாற்பது அடி சரிவு. அதற்கப்புறம் குளம்.

பெல்ட் அறுபடவில்லை. காருக்குப் பின்னால் கதிரடிக்கும் இயந்திரம், கட்டி இழுக்கப்பட்ட எருமை மாதிரி துள்ளித் துள்ளிப் போனது. அதை முந்திக்கொண்டு ஓரமாக நான், கையில் நெற்கட்டோடு. அதை ஏன் கீழே போடவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியாது. காருக்குள் ஜர்ணாவின் பின்னந்தலை தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, நேராக முன்னால் பார்த்து, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காலை எடு, காலை எடு என்று நான் வங்காளத்தில் கத்தினேன், இந்தியில் கத்தினேன், கடைசியில் என் ஆத்தாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று அந்த நாற்பது அடிக்குள் நூறு தடவை யோசித்தேன். எனக்குத் தெரியாது. எனக்கு நீச்சலும் பாதிதான்.

அந்த நேரம் பார்த்துக் காகிமா வீட்டு வாசலில் நின்று சங்கு ஊத ஆரம்பித்தாள். புயல் வந்தால் அங்கே பெண்கள் சங்கு ஊதுவது வழக்கம். எங்கள் ஊரில் எப்போது சங்கு ஊதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் வந்த பக்கம் திரும்பினேன், கால் தடுக்கியது. கரையோரம் நின்ற ஈச்சமரத்தடியில் விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்துதான் பார்த்தேன். முன்சக்கரங்கள் தண்ணீருக்குள் இறங்கின. பின்னால் வந்த இயந்திரம் என்னை ஒரு சாண் இடைவெளியில் தாண்டி, ஈச்சமரத்தில் குறுக்கே மாட்டி நின்றது. பெல்ட் விறைத்தது. கார் அந்தப் பெல்ட்டின் முனையில் உறுமி, இருமி, அணைந்தது.

நாக்பூர் ஜீப்பை எதற்குச் சங்கிலியால் மரத்தில் கட்டியிருந்தார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கதவைத் திறந்தேன். என்ஜின் அணைந்த பிறகும் அவள் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"ஷுப்போ-தா, இப்ப எடுக்கலாமா?"

அதற்குப் பிறகு மழை. பக்கத்து வீட்டு ஆட்கள் ஒன்பது பேர் கயிறு போட்டுக் காரை இழுத்தார்கள். களத்தில் மீதி இருந்த கட்டுகளைக் காகு தார்ப்பாய் போட்டு மூடினார், பாதியாவது பிழைத்தது. பின்சீட்டிலிருந்து மூட்டைகளை இறக்கும்போது ஒன்றில் ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை. சக்கரம் மாட்டி, மழையே கழுவிவிட்ட காரை ஓட்டிக்கொண்டு சால்ட் லேக் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். வழியெல்லாம் சொல்லவேண்டிய பொய்யை ஒத்திகை பார்த்தேன். பொய்யும் பாதிதான் வந்தது. சார் குடையோடு வாசலில் நின்றிருந்தார். புயலால் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாம். "மழையில மாட்டிண்டியா?" என்றார். ஆமாம் என்றேன். அது உண்மைதானே. உள்ளே ஏறியவர் மூக்கை உறிஞ்சி, "ஏதோ வைக்கோல் வாசனை," என்றார். மழை பெய்தால் அப்படித்தான் சார் என்றேன்.

தப்பித்துவிட்டேன் என்று நம்பி ஐந்து நாள் தூங்கினேன். ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. சார் சந்தனமும் கற்பூரமுமாக வந்தார். பின்சீட்டுக்குக் கீழே இருந்த மிதியடியை உதறத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

ஈரத்தில் நெல் முளைத்திருந்தது. வரிசையாக, பச்சையாக, அரை விரல் உயரத்துக்கு. சாருடைய காருக்குள் ஒரு நாற்றங்கால்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சார் சத்தம் போடவில்லை. குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைப் பார்த்து, விரலில் உருட்டினார். மாயவரத்துக்காரர் அல்லவா.

"என்ன ரகம்டா இது?" என்றார்.

தெரியாது என்றேன்.

"அதுவும் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார். சொன்னபடி அப்புறம் என் மூஞ்சியில் அவர் விழிக்கவில்லை.

வேலை போய், வழக்கம்போல் கால் அரிக்கக் காத்திருந்தேன். அரிக்கவில்லை. அந்த வருடம் டீசல் என்ஜினை முழுசாகப் பிரித்து முழுசாகப் பூட்டக் கற்றுக்கொண்டேன். அடுத்த வருடம் காகு என் மாமனார் ஆனார். கல்யாணப் பேச்சின்போது ஜர்ணா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "உங்க பேச்சை ஒருதடவை கேட்டேன். அதோட சரி." இன்றுவரை வாக்கு மாறவில்லை.

வயல் போய், குளம் போய், மாமனாரும் மாமியாரும் இப்போது நியூ டவுனில் நாலாவது மாடியில் இருக்கிறார்கள். ஜாமாய் ஷஷ்டிக்கு நான் என் பழைய காரை ஓட்டிக்கொண்டு போவேன். மாமியார் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உடனே சோறு போடமாட்டாள். மாமனார் லிஃப்டில் இறங்கி வருவார். கையில் பசுமாட்டுச் சங்கிலி இருக்கும். மாடு போய்ப் பத்து வருடம் ஆகிறது, சங்கிலி மட்டும் இருக்கிறது. காவலாளி பார்த்துக்கொண்டிருக்க, என் காரைத் தூணோடு சேர்த்துக் கட்டி, ஒருதடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மேலே அண்ணாந்து குரல் கொடுப்பார்:

"கட்டியாச்சு. மாப்பிள்ளைக்கு இலை போடு."