ஜகதாம்பாளின் வயிற்றுவலி சம்பந்தமாக

பவானிபூர், கல்கத்தா
4-9-1911

மகாராஜராஜஸ்ரீ சிவராமகிருஷ்ணன் மாமா அவர்கள் சமூகத்துக்கு, மாப்பிள்ளை பாலசுப்ரமணியன் அநேக நமஸ்காரம். நானும் தங்கள் பெண் நாகலக்ஷ்மியும் பேத்தி ஜகதாம்பாளும் இன்றைய தேதிக்கு சௌக்கியம். மாயவரத்தில் தாங்களும் மாமியும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். கல்கத்தாக் காற்று குழந்தைக்கு ஆகாது, நேரில் வந்து அழைத்துப்போகிறேன் என்று தாங்கள் எழுதியது கிடைத்தது. அந்தச் சிரமம் வேண்டாம். காற்றின்மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது.

ஒரு மாதம் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சோறு இறங்கவில்லை, முகம் வெளுத்துப்போயிற்று. நான் முதலில் புகையைச் சந்தேகித்தேன். கீழ்வீட்டு முகர்ஜியின் சம்சாரத்தை இங்கே எல்லாரும் பௌதி, அதாவது மன்னி, என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் சாயந்திரமானால் மாடிப்படிக்கு அடியில் நிலக்கரி அடுப்பு மூட்டுவார், புகை நேரே எங்கள் கூடத்துக்கு வரும். நான் பழைய வேஷ்டிகளைச் சுருட்டி ஜன்னல்களை அடைத்தேன். எங்கள் அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட, நாகலக்ஷ்மி இருமிக்கொண்டே வேஷ்டிகளைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். கீழே போய்ச் சண்டை போட்டேன். "இதே புகையிலதான் என் நாலு பிள்ளைகளும் வளர்ந்தாங்க, பெரியவன் குஸ்தி போடறான்" என்றார் பௌதி. பிறகு தண்ணீரைச் சந்தேகித்து இரண்டு தடவை காய்ச்சினேன், பாலை அதற்குமேல் காய்ச்சினேன், அது திரட்டுப்பாலாகிவிட்டது, குழந்தை தொடவில்லை, நான்தான் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பௌதி சமாதானத்துக்காக சந்தேஷ் என்ற பால் இனிப்பு எடுத்துக்கொண்டு மேலே வந்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. "கீரை குடுத்தீங்களா? பல்லெல்லாம் பச்சையா இருக்கே" என்றார். வீட்டில் கீரை வாங்கிப் பத்து நாளாயிற்று. நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே ஜகதாம்பாள் தத்தித்தத்திப் போய், மாடிப்படி வாசலில் இருந்த குட்டை மரக்கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, கரும்பைக் கடிப்பதுபோல் கடிக்க ஆரம்பித்தாள்.

அவள் படியில் உருண்டுவிடக்கூடாதே என்று நான் போட்டுவைத்த கதவு அது. மழையில் இற்றுப்போகாமலிருக்கப் பச்சை வர்ணமும் என் கையாலேயே அடித்தேன். கிதிர்பூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் சிநேகிதர் ஒருவர் கொடுத்த அரை டப்பா. "கப்பலுக்கே தாங்கறது ஓய், உம்ம கதவுக்குத் தாங்காதா?" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

உடனே கூப்பிட்டனுப்பிய டாக்டர் வந்து கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இதில் ஈயம் இருக்கிறது. வர்ணம் அடிக்கிறவர்களுக்கு வரும் வயிற்றுவலிதான் குழந்தைக்கு வந்திருக்கிறது. யார் அடித்தது?" என்றார்.

நாகலக்ஷ்மி என்னைப் பார்த்தாள்.

"ஒரு ஆள் அடித்தான்" என்றேன்.

"அந்த முட்டாளை இனி வீட்டுக்குள் விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு மருந்து எழுதினார். ஒரு மாதத்துக்குப் பிறகு நாகலக்ஷ்மி சிரித்தது அப்போதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்று நானே கட்டி, தினமும் நின்று அழகு பார்த்த கதவு.

அன்றே பௌதியின் பிள்ளைகள் அதைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எரிக்கக்கூடாது, அந்தப் புகையும் விஷம் என்று டாக்டர் சொன்னதால் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதுக்கதவுக்கு வர்ணமே கிடையாது. தரை, ஜன்னல், குழந்தையின் கை எல்லாவற்றையும் நாளுக்கு நாலு தடவை ஈரத்துணியால் துடைக்கிறேன். நான் வாய் திறந்து கேட்காமலே பௌதி அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டார். மூன்று வாரத்தில் குழந்தை தேறிவிட்டாள். ரசஞ்சாதத்தை "ஆரோ, ஆரோ", அதாவது இன்னும் இன்னும், என்று வங்காளத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

ஆகவே தாங்கள் நிம்மதியாக ஊரிலேயே இருந்து எங்களை ஆசீர்வதிக்கவும். மாமிக்கு என் நமஸ்காரம். பல் முளைத்த தொந்தரவு, சரியாகிவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னால் போதும்.

தங்கள் விதேயன்,
பாலசுப்ரமணியன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தந்தி வந்தது. தாங்களும் மாமியும் நேற்றே மதராஸ் மெயிலில் ஏறிவிட்டீர்களாம். இதைத் தபாலில் போட்டுப் பிரயோஜனமில்லை, ஹவுரா ஸ்டேஷனில் நானே தங்கள் கையில் கொடுக்கிறேன். கதவு சம்பந்தப்பட்ட பக்கம் மட்டும் இதில் இருக்காது. அதை நாகலக்ஷ்மி எடுத்து வைத்துக்கொண்டாள், மாமிக்குத் தானே வாசித்துக் காட்டப் போகிறாளாம்.