யாக்கோப்பு அண்ணையின் புதுக்கட்டை

தாள் போகமாட்டேன் என்றது.

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் உள்ள அந்தத் துப்பாக்கிக் கடையின் பின்னறையில், தர்சிகன் மறுபடியும் முயன்றான். ரைபிளின் குழலுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் ஓடவேண்டும். இல்லாவிட்டால் குறி தப்பும். தாள் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது.

சின்ன வேலைதான். யாக்கோப்பு அண்ணை, கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை பூட்டிய தன் வேட்டை ரைபிளையும், தனியாக ஒரு வால்நட் மரக்கட்டையையும் காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதலாளி கொலின் வெளிக்கிடும் அவசரத்தில் சொன்னது இவ்வளவுதான்: ரைபிளோடு வந்த கொம்பனிக் கட்டைக்குப் பதிலாகப் புதுக்கட்டை, திருகாணிகளை நன்றாக இறுக்கிவிடு. வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். இனி ஒரு பிழை விட்டால் நீ வீட்டிலேயே இருக்கலாம்.

பிளாஸ்டிக் என்றால் கொம்பனி, மரம் என்றால் புதுசு. இதில் கேட்க என்ன இருக்கிறது? தர்சிகன் பிளாஸ்டிக்கைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, ரைபிளை மரத்துக்குள் இறக்கியிருந்தான்.

போன் அடித்தது.

"தம்பி, யாக்கோப்பு கதைக்கிறன். புதுக்கட்டை சரியாப் பொருந்தியிருக்கோ?"

"அந்தமாதிரி, நல்லாப் பொருந்தியிருக்குது அண்ணை."

"கீறல் விழாமப் பாருங்கோ. மகள் பிறேமினி என்ர பிறந்தநாளுக்குத் தந்தது. நாங்கள் வெளிக்கிட்டிட்டம். ரைபிளை எடுத்துக்கொண்டு அப்பிடியே ஸ்கொட்லாந்துக்கு, மான் வேட்டைக்கு."

"ஆறுதலா வாங்கோ அண்ணை." மனதாரத்தான் சொன்னான்.

சாண்ட் பேப்பரை எடுத்து வலப்பக்கம் தேய்த்தான். தாள் கொஞ்சம் நகர்ந்தது. இடப்பக்கமும் தேய்த்தான். தாள் ஓடியது. தாளென்ன, இப்போது விரலே ஓடும். கை பட்டால் குழல் வயதானவர்களின் பல்லைப்போல ஆடியது.

திருகாணியை இறுக்கினான். மரம் முனகியது. மரம் நசியாதிருக்க உள்ளே உலோகக் குழாய் வேண்டும். மரக்கட்டையில் அது இல்லை. பிளாஸ்டிக்கில் இருந்தது.

மூலையைப் பார்த்தான்.

"உன்னை இனி ஆர் தேடப்போகினம்?" என்று சொல்லிக்கொண்டே மரம் அறுக்கும் வாளை எடுத்தான். பிளாஸ்டிக் இரண்டு துண்டாக விழுந்தது. குழாய் வெளியே வந்தது.

குழாய் கொஞ்சம் தடிப்பு. மரத்தின் துளையைப் பெருப்பித்தான். டிரில் இறங்கியதுதான் தாமதம், 'சடக்'. துளையில் தொடங்கிய வெடிப்பு கைபிடி வரைக்கும் போய் நின்றது.

பழசையே திரும்பப் பூட்டிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாமா? பழசு நிலத்தில் இரண்டாகக் கிடந்தது.

வெடிப்புக்குள் பசையை விட்டான். அது வெள்ளையாகப் பல்லிளித்தது. அதன்மேல் தன் சப்பாத்துக்குப் பூசும் மண்ணிறப் பொலிஷைத் தேய்த்தான். துடைக்கத் துடைக்க அது பரவியது. கட்டை முழுவதும் கறிச்சட்டியின் அடியைப்போல் ஆனது.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். யாக்கோப்பு அண்ணையும் மனைவி இம்மாகுலேற் அக்காவும் உள்ளே வந்தார்கள்.

"எங்க தம்பி?" அண்ணை கையை நீட்டினார்.

ரைபிள் தர்சிகனின் கையில் இருந்தது. கொடுத்துவிடலாம். பொலிஷுக்கு அடியில் வெடிப்புத் தெரியாது. ஆனால் ஸ்கொட்லாந்துக் காட்டில் இவர் இதைத் தோளில் வைத்துச் சுடும்போது கட்டை பிளந்தால்? முகமே போய்விடும். வேலை போனால் போகட்டும்.

"குடுக்க ஏலாது அண்ணை. உங்கட மகள் தந்ததை நான் வெடிக்க வைச்சிட்டன். இந்தா, பாருங்கோ. வாற கோபத்துக்கு என்னை அடியுங்கோ."

யாக்கோப்பு அண்ணை வெடிப்பைப் பார்த்தார். தர்சிகனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். தர்சிகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இம்மாகுலேற் அக்கா அவன் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதையும் தம்பி, இது மழையில வீங்கின கொம்பனிக் கட்டை, இஞ்ச எறியத்தான் கொண்டந்தனாங்கள், மகள் தந்த கறுத்த பிளாஸ்டிக் கட்டையை இவர் நேற்றே பூட்டிட்டார், அதின்ர திருகாணியை இறுக்கத்தானே தந்தது, அது எங்க?"