மாப்பிள்ளையின் மெஷினும் நான் கட்டிய பார்சலும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் அத்தையும் சுகம். அவள் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. தலைமை அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். நல்ல சேதியைக் கடைசியில்தான் சொல்வேன். முதலில் சொன்னால் மீதியைப் படிக்க மாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

நீங்கள் கிளம்பும்போது முகம் வாடியிருந்ததைக் கவனித்தேன். கவலை இருக்காதா பின்னே! வீடு வீடாகப் பிளாஸ்டிக்கைத் தனிப் பையில் வாங்கி நீங்கள் வைத்த மெஷினில் கொட்டுகிறார்கள். அது ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, இது இன்ன ரகம் என்று கண்டுபிடித்து, புஸ்ஸென்று காற்றடித்து அதனதன் தொட்டியில் தள்ளுகிறது. சரக்கு விற்கிற கம்பெனிகளே அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சட்டமும் வந்தாயிற்று, ஆனால் ரகம் கலந்திருந்தால் வாங்க மாட்டார்கள். அதற்குத்தான் நம் தெருவில் ஒரு மாதச் சோதனை. தேறினால் ஊர் முழுக்க உங்கள் மெஷின். தேறாவிட்டால் மெஷினைக் கழற்றி அனுப்பிவிட்டு உங்களையும் அதன் பின்னாலேயே அனுப்பிவிடுவார்கள். நீங்கள் போனால் என் மகளும் போவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து என்னை ஒரு பாட்டம் திட்டாவிட்டால் எனக்கு வாரம் முடிந்த மாதிரியே இருக்காது மாப்பிள்ளை. அதனால் நானே களத்தில் இறங்கினேன்.

நான் ஆயுசெல்லாம் பார்த்தது பேக்கிங் மேஸ்திரி வேலை. பெட்டிக்குள் சரக்குதான் போக வேண்டும், காற்று போகக் கூடாது என்பது எங்கள் கிடங்கு விதி. தெருவில் எனக்குப் பெயரே 'பார்சல் சார்'தானே! எல்லோரையும் கார் நிறுத்துமிடத்துக்கு வரவழைத்து வித்தை காட்டினேன். மூடியை மருந்து டப்பாவுக்குள், அதைத் தயிர்க் கப்புக்குள், அதை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, மேல்மூடியை அழுத்தி, சுற்றிலும் டேப் ஒட்டி, குலுக்கிக் காட்டினேன். ஒரு சத்தம் வரவில்லை. மூன்று பைக் குப்பை ஒரே பைக்குள் அடங்கிவிட்டது. கைதட்டினார்கள் மாப்பிள்ளை! மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா மட்டும், "சார், உள்ள இருக்கறது மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "ஏம்மா, நீங்க பல்லு பிடுங்கும்போது நான் வந்து யோசனை சொல்றேனா?" என்று மடக்கினேன். மெஷின் யாருடையது! என் மாப்பிள்ளை வைத்தது! அதற்குத் தெரியாதது ஒன்று உண்டா?

அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு கதவில் சிவப்புச் சீட்டு. நம் தெரு பிளாஸ்டிக்கில் ரகம் கலந்திருந்ததால் ஒரு லோடு முழுவதையும் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டதாம். "மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு போல" என்று எதிர்வீட்டு வக்கீல் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன், உங்கள் மெஷினைச் சொன்னால் விடுவேனா? சட்டையை மாட்டிக்கொண்டு நேரே உங்கள் மெஷின் ஓடும் கொட்டகைக்குப் போய், "எவன்யா இங்க மெஷினை ஒழுங்கா ஓட்டாதது?" என்று சத்தம் போட்டேன்.

சூப்பர்வைசருக்கு நான் யாரென்று தெரியாது. "மெஷின் தங்கமா ஓடுது பெரியவரே. உங்க தெருவுலதான் எவனோ ஒரு கிறுக்கன் எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு திணிச்சு டேப் ஒட்டச் சொல்லிக்கொடுத்திருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றார். அதே நேரத்தில் மெஷினின் ஓடும் பெல்ட்டில் என் பார்சல் வந்தது. என் கைவேலை எனக்குத் தெரியாதா, டேப் முனையை மடித்து ஒட்டுவது நான் ஒருவன்தான். மெஷின் வெளி டப்பாவை மட்டும் பார்த்து, சரியாகத்தான் தள்ளியது. உள்ளே இருந்த மூன்று ரகமும் கூடவே போய் விழுந்தன. "அந்தக் கிறுக்கனைப் பார்த்தா நான் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் என்ன, ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இறங்கினேன். "எதையும் எதுக்குள்ளயும் வைக்காதீங்க, கழுவி அப்படியே உதிரியாப் போடுங்க." "நீங்கதானே சார் சொன்னீங்க?" "நான்தான் சொன்னேன், நானே சொல்றேன், பிரிங்க!" டாக்டரம்மா என் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார். கட்டியிருந்த அத்தனை பார்சலையும் உட்கார்ந்து பிரித்தேன். விரலெல்லாம் டேப் பசை.

இப்போது நல்ல சேதி. தேறிவிட்டோம்! அதற்குப் பிறகு போன லோடு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இன்று காலை தெருமுனையில் பச்சைப் பலகை மாட்டினார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். "எம் மாப்பிள்ளை மெஷின்" என்று தபால்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். உண்மையாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, என் பேக்கிங்கை இதுவரை எவனும் குறை சொன்னதில்லை. உங்கள் மெஷின் சொன்னது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வக்கீலிடமும் சொல்லிவிட்டேன், குறையே இல்லாத மெஷின் என்று.

இருவரும் எல்லா நலமும் பெற்று, எங்களுக்குக் கூப்பிடு தூரத்திலேயே நீண்டகாலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பெருமையில் தலைகால் புரியாத மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மகள் போன் செய்தாள். மெஷின் இத்தனை நன்றாக ஓடியதால் இன்னொரு ஊரிலும் வைக்கச் சொல்லி உங்களையே மூன்று வருடம் அனுப்புகிறார்களாமே? என்னிடம் சொல்ல உங்களுக்குத் தயக்கமாமே? மேலே எழுதியது அத்தனையும் பொய் மாப்பிள்ளை. மெஷினில் ஆயிரம் குறை. வக்கீலும் பார்த்திருக்கிறார், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். மகளிடம் "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீங்கள் வந்ததும் "போகட்டுமா மாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போங்கள் என்றுதான் சொல்வேன். இருந்தாலும் கேளுங்கள்.