பார்த்துவரப் போனவர்கள்

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட வீட்டிலை எத்தினை பேர் இருக்கினம்?"

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், வேலை முடிந்து வந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றிய இராசலிங்கம், மூன்று பேர் என்று சொல்ல வாயெடுத்தார். அவர், மனைவி மகாதேவி, மகள். பிறகுதான் தொலைபேசியில் கேட்பவர் உருத்திரமூர்த்தி என்பதும், கேட்பது கொழும்பு வீட்டைப் பற்றி என்பதும் உறைத்தது.

வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி மாடியில் இராசலிங்கத்துக்கு ஒரு வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், கழுத்தை நன்றாக வளைத்தால் கடல் தெரிகிற ஒரு பால்கனி. பாண் சுடும் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் நின்று உழைத்து வாங்கியது. சமாதானப் பேச்சு தொடங்கிய வருடம் வாங்கினார். ஓர் அறையையும் ஹோலையும் ரகுநாதன் என்ற வங்கி எழுதுவினைஞருக்கு வாடகைக்குக் கொடுத்தார். மற்ற அறையைத் தங்களுக்கென்று பூட்டி வைத்திருந்தார். வருகிற ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பமாகப் போய், முதன்முதலாகச் சொந்த வீட்டில் படுத்தெழும்ப வேண்டும் என்று ரிக்கெற்றும் எடுத்தாயிற்று.

உருத்திரமூர்த்தி அந்தக் கட்டடத்தில் வீடு உள்ளவர்களின் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற ஸ்ரேஷன் மாஸ்ரர். மனைவி இறந்தபிறகு தனி ஆள்.

"ரகுநாதனும் மனிசியும்தானே?" என்றார் இராசலிங்கம்.

"அப்பிடியோ? காலமை எழும்பிப் பார்த்தால் தாங்கியிலை ஒரு சொட்டுத் தண்ணியில்லை. உங்கட வாசலிலை கிடக்கிற செருப்பைப் பார்த்துப்போட்டு ஒரு கிழவி கோயில் எண்டு நினைச்சுக் கும்பிட்டுப் போகுது."

இராசலிங்கம் உடனே ரகுநாதனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும்தான் அண்ணை," என்றார் ரகுநாதன். "அதோடை மனிசியின்ர தம்பி. கனடா விசாவுக்கு நிக்கிறான். அவன்ர கூட்டாளிமார் ரெண்டு பேர். சண்டை நிண்டு பாதை திறந்தவுடனை யாழ்ப்பாணத்திலையிருந்து சித்தப்பா குடும்பமும் வந்திட்டினம்."

"அப்ப ரெண்டு பேர் எண்டு ஏன் சொன்னனீர்?"

"மற்றவை ஆக்கள் இல்லை அண்ணை. விருந்தாளியள்."

அன்று இராசலிங்கம் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா தும்புத்தடியால் முகட்டில் மூன்று தரம் தட்டினார். அது கெல்சென்கிர்ச்சனில் 'வாயை மூடு' என்பதற்கான மரியாதையான சொல்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இராசலிங்கத்தின் மச்சான் முருகேசு பாஸ்போட் எடுக்க வந்து தங்கியிருந்தான். அவனைப் பிடித்தார்.

"ஒருக்கா எட்டிப் பார்த்துப்போட்டு வா. எத்தினை பேர் எண்டு சொன்னால் காணும். பிறகு நான் பார்க்கிறன்."

முருகேசு போனான். ஒரு கிழமையாகச் சத்தமில்லை. இராசலிங்கம் ரகுநாதனின் வீட்டுக்கே எடுத்தார். "ஹலோ" என்றது முருகேசுவின் குரல்.

"அத்தான், அநியாயத்துக்குச் சனம்! மனிசர் இருக்க ஏலாது!"

"எங்கை நிண்டு கதைக்கிறாய்?"

"குசினிக்குள்ளை. மற்ற இடமெல்லாம் நிரம்பிப் போச்சு."

"நீ இன்னும் அங்கைதான் நிக்கிறியோ?"

"லொட்ஜ்காரன் நாளுக்கொரு வாடகை கேக்கிறான் அத்தான். பொலிஸ் வேறை வந்து விடிய விடியக் கதவைத் தட்டுறான். இஞ்சை நிம்மதி. ரகுநாதன்ர மனிசி அவிக்கிற புட்டு..."

இராசலிங்கம் தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மகாதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, ஆம்பிளையளை அனுப்பினால் இப்பிடித்தான். எங்கட பேர்பெச்சுவா ரீச்சரைக் கேட்டுப் பாப்பம்."

பேர்பெச்சுவா ரீச்சர் மகாதேவிக்குக் கணக்குப் படிப்பித்தவர். வாசலில் நின்று இருமினாலே வகுப்பு எழும்பி நிற்கும். இப்போது கொழும்பில் தங்கச்சி வீட்டில் இருந்தார். மகாதேவி கேட்டதும், "இண்டைக்கே போறன். பின்னேரத்துக்கிடையிலை வீட்டை வெறுமையாக்கித் தாறன்" என்றார்.

அன்று இராசலிங்கம் பல நாளுக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டார்.

மூன்றாம் நாள் ரீச்சரே எடுத்தார்.

"மகாதேவி, பிழை ஆக்களிலை இல்லை. ஒழுங்கிலைதான். குளிக்கிறதுக்கு ஒரு நேரசூசி போட்டுக் கதவிலை ஒட்டியிருக்கிறன். இப்ப ஒருதரும் அடிபடுகினமில்லை. ஒருதரையும் வீட்டை விட்டு எழுப்பத் தேவையில்லை."

"நல்லது ரீச்சர். நீங்கள் எப்ப வெளிக்கிடுறியள்?"

"நான் வெளிக்கிட்டால் நேரசூசியை ஆர் பார்க்கிறது? தங்கச்சி வீட்டிலை ஹோலிலைதானே படுத்தனான். என்ர பெட்டியைக் கொண்டுவந்திட்டன். அதுசரி, அந்தப் பூட்டின அறை சும்மா கிடக்குது. திறப்பு எங்கை?"

இதைக் கணவனிடம் சொல்ல மகாதேவிக்கு இரண்டு நாள் எடுத்தது.

"திறப்பு இருக்கிற இடத்தைச் சொன்னனீரோ?"

"ரீச்சர் கேட்டால் நான் என்ன செய்யிறது? எழும்பி நிண்டு மறுமொழி சொல்லித்தான் பழக்கம்."

"அது எங்கட அறையப்பா! புது மெத்தையிலை சுத்தின பொலித்தீன் கூடக் கழட்டேல்லை!"

"இப்ப கழட்டிப்போட்டினம்," என்றாள் மகாதேவி.

பிறகு நடந்தது இன்னும் மோசம். விசாவுக்கு நிற்கிற பொடியனுக்கு ரீச்சர் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அதைக் கேட்டு ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வந்தன. ஹோல் ரியூசன் வகுப்பாயிற்று. ஹோலில் இருந்தவர்களுக்கு மறைப்பு வேண்டும் என்று இராசலிங்கம் ஒரு தச்சரைப் பிடித்து, பலகைத் தட்டி அடிக்கச் சொன்னார். தங்களுக்கு ஒரு மூலையாவது மிஞ்சும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தச்சர் வவுனியாவிலிருந்து இரண்டு வேலையாட்களோடு வந்தார். வேலை முடியும்வரை அவர்கள் எங்கே தங்குவது? தட்டிக்கு அந்தப் பக்கம் தங்கினார்கள்.

உருத்திரமூர்த்தி மறுபடி எடுத்தார்.

"அண்ணை, முந்தி உங்கட ஆக்கள் குளிச்ச சத்தம்தான் கேட்டது. இப்ப வாய்ப்பாடு கேக்குது. ஏழாம் வாய்ப்பாட்டிலை ஒரு பொடியன் எப்பவும் பிழைவிடுறான். இது குடியிருக்கிற கட்டடம். இனி ஏலாது. திங்கக்கிழமை சங்கம் கூடுது. உங்கட வீட்டுத் தண்ணிக் குழாயைப் பூட்டப்போறம்."

இராசலிங்கம் அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. குசினி மேசையில் இருந்து, கொழும்புக்குத் தான் போய் இறங்கியதும் சொல்லப்போகிற வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். வெளிக்கிடுங்கோ. எல்லாரும் வெளிக்கிடுங்கோ. இது என்ர வீடு.

"சரி, வெளிக்கிடுத்திறியள்," என்றாள் மகாதேவி. "எங்கை போவினம்?"

"வேறை வீடு பார்க்கட்டும்."

"எங்கை இருக்கு வேறை வீடு? அந்த ஒழுங்கையிலை ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு வெளிநாட்டுக்காரன் வாங்கிப் பூட்டி வைச்சிருக்கிறான். சுவிஸ், லண்டன், பாரிஸ். நாங்களும்தானே."

இராசலிங்கம், வந்த புதிதில் இந்த ஊரில் ஓர் அறையில் தாங்கள் எத்தனை பேர் படுத்தோம் என்பதை எண்ணத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டார். எண்ணினால் உருத்திரமூர்த்தியின் பக்கம் கதைக்க முடியாமல் போய்விடும்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரே ஆரவாரம். ரகுநாதனின் மைத்துனனுக்கு விசா கிடைத்துவிட்டது. ஒவ்வொருவராக வாங்கி வாங்கிக் கதைத்தார்கள். "அண்ணை, உங்கட வீடு ராசியான வீடு" என்று அவர் ஒருநாளும் காணாத யாரோ ஒரு பெண் அழுதாள். ஏழாம் வாய்ப்பாட்டுப் பொடியன் அதைப் பிழையில்லாமல் சொல்லிக் காட்டினான். பேர்பெச்சுவா ரீச்சர் வாங்கி, "இராசலிங்கம், ஓகஸ்டிலை வாங்கோ. உங்களுக்குக் குளிக்கக் காலமை நல்ல நேரமொண்டு ஒதுக்கியிருக்கிறன்" என்றார்.

இராசலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சத்தத்துக்கும் கீழ்வீட்டு அம்மா தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவராகவே உருத்திரமூர்த்திக்கு எடுத்தார். நிமிர்ந்து நின்றுகொண்டு கதைத்தார்.

"செயலாளர், நான் முடிவெடுத்திட்டன். ஒருதரையும் எழுப்பமாட்டன். தண்ணி காணாட்டில் நான் பவுசர் லொறியிலை தண்ணி கொண்டுவர ஒழுங்குபண்ணி விடுறன். நாங்கள் வந்தாலும் ஹோலிலை பாய் போட்டுப் படுப்பம். நீங்கள் சங்கத்திலை எழும்பி நிண்டு என்னவும் சொல்லுங்கோ. அந்த வீட்டிலை இருக்க இடமில்லாமல் வாற ஆரெண்டாலும் இருக்கலாம்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இராசலிங்கம் இரண்டு தரம் "ஹலோ" சொன்னார். சங்கத்தின் சட்டதிட்டங்கள் முழுவதும் இப்போது வந்து விழப்போகின்றன என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

உருத்திரமூர்த்தி மெல்லச் செருமினார்.

"ஆரெண்டாலுமோ அண்ணை? அப்ப எனக்கும் அந்தப் பால்கனியிலை ஒரு பாய் போட விடுங்கோ. என்ர வீட்டை வெள்ளைக்காரருக்கு வாடகைக்குக் குடுத்துப்போட்டு, ஆறு மாசமா உங்கட வாசலுக்கு மேலை மொட்டைமாடிப் படிக்கட்டிலைதான் படுக்கிறன்."