பன்னிரண்டு வசனங்களும் சாக்பீஸ் அங்கிளும்

பாலாற்றின் இரண்டு கரையிலும் தேடினாலும், வேதாகமத்தைத் தோல் மாதிரி தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற மனிதர் எங்கள் சாக்பீஸ் அங்கிள் ஒருவராகத்தான் இருப்பார். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆம்பூரில் எங்கள் சபைக்கு ஒரு ஞாயிறு வாருங்கள். கர்த்தருடைய ஜெபத்தின் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்ற முடிவு வரியை எல்லோரும் சொல்லும்போது ஒரு பெரிய குரல் மட்டும் பட்டென்று நின்றுவிடும். அந்த வரி மத்தேயு சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லையாம். சபை முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிடுவார். பெஞ்சு கிறீச்சிடும்.

அவர் தோல் கம்பெனியில் செலக்டராக இருந்தவர். பதனிட்ட தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம் எதுவானாலும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவது அவர் வேலை. வட்டத்தை ஒதுக்கிவிட்டு மற்றதில் ஷூவுக்கு வெட்டுவார்கள். ஓய்வு பெற்ற அன்று கம்பெனி அவருக்குச் சால்வை போர்த்தியது. சாக்பீஸைத் திரும்ப வாங்க மறந்துவிட்டது. பிறகு தபால் வழியில் இறையியல் படித்தார். பரீட்சையில் கேள்வித்தாள் மேலேயே வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார் என்று பேச்சு.

ஆலயச் சுவரில் அந்த ஜெபத்தை எழுதியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அதன் கடைசி வரியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். அடுத்து வந்த பெயின்டர் அதை அலங்காரம் என்று நினைத்து, நீலப் பெயின்டில் நிரந்தரமாக்கிவிட்டுப் போய்விட்டார்.

பிரியாணிக் கடையிலும் இதே கதைதான். "கறி, அரிசி, கத்திரிக்கா தொக்கு. இதான்பா மூலம். முட்டை பின்னாடி யாரோ சேர்த்தது."

"வேணாம்னா எடுத்து வச்சிடு அங்கிள், ஏன் பேஜார் பண்றே?" என்றார் கடைக்காரர்.

"எடுக்கச் சொல்லல. சேர்த்ததுன்னு ஒத்துக்கோன்னேன்" என்று சொல்லிவிட்டு, முட்டையைத்தான் முதலில் சாப்பிட்டார்.

ஆனால் அவருடைய உண்மையான போர்க்களம் மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். மிகப் பழைய பிரதிகள் இரண்டில் அது எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. இயேசுவின் கல்லறை காலியாக இருப்பதைப் பார்த்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மீதிப் பன்னிரண்டு வசனங்கள் பிற்பாடு சேர்ந்தவை என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மறுக்கிறவர்களும் உண்டு. எங்கள் போதகர் மறுக்கிற கட்சி.

"ரெண்டாம் நூற்றாண்டுலயே ஒரு சபைப் பிதா அதை எடுத்துக் காட்டியிருக்காரே, அங்கிள்?"

"அவருக்குக் கிடைச்சது ஒட்டுப் போட்ட பிரதிங்க ஐயா. நீங்க கிரேக்கம் படிச்சவர், நீங்களே சொல்லுங்க. எட்டாம் வசனம் வரைக்கும் ஆட்டுத்தோல். அதுக்கப்புறம் மாட்டுத்தோல். நடையே வேற!"

"இயேசு பேசினது அராமிக், எழுதினது கிரேக்கம், நாம படிக்கிறது தமிழ். இதுல எங்கேருந்து ஆடும் மாடும் தெரியுது உங்களுக்கு?"

"கை வச்சா தெரியும்" என்பார் அங்கிள், பக்கத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே.

கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன், அது என் வீட்டுக்கு வரும்வரை.

என் மகள் குறை மாதத்தில் பிறந்தவள். வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது, என் மாமியார் வெளியே நின்று ஒரு பொருத்தனை செய்துகொண்டார். பிள்ளை பிழைத்தால், ஞானஸ்நானத்தன்று மாற்கு சுவிசேஷத்தில் உள்ள ஞானஸ்நான வசனத்தை அவளுக்காகச் சபையில் வாசிக்க வேண்டும். பிள்ளை பிழைத்தாள். வசனமோ அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அந்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் முறை சாக்பீஸ் அங்கிளுடையது.

"முறையை மாத்திடலாமே ஐயா?" என்று போதகரிடம் கேட்டேன்.

"மாத்தினா காரணம் கேப்பாரும்மா. காரணம் சொன்னா சாயந்திரம் வரைக்கும் பதில் சொல்வாரு."

ஆகவே அந்த வசனத்தை வாசிக்கும்படி கேட்க நானே அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு! மாற்கு எழுதாததை மாற்குன்னு சொல்லி நான் எப்படிப் படிப்பேன்?"

"அத்தை நேர்ந்துக்கிட்டாங்க அங்கிள்."

"மத்தேயு கடைசியிலகூட ஞானஸ்நானம் வருதே. ஃபர்ஸ்ட் செலக்‌ஷன். ஒரு கீறல் கிடையாது. அதைப் படிக்கட்டா?"

"வேற வசனத்தைப் படிச்சா பொருத்தனை செல்லுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் பிஸ்கட் டப்பாவை நீட்டினார். "படிக்கிறேன்" என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஒரே குழப்பம். அவர் சொல்வது சரியென்றால் அத்தை யாருடைய வார்த்தையை நம்பி நேர்ந்துகொண்டார்? தவறென்றால் நான் இன்னும் கெஞ்சியிருக்க வேண்டாமா? பாப்பா இரண்டு முறை தும்மினாள். அதற்கும் இதுதான் காரணமோ என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. அங்கிள் வெள்ளைச் சட்டையில் மேடையேறி, மாற்குவின் கடைசி அதிகாரத்தை முதலிலிருந்து கணீரென்று வாசித்தார். எட்டாம் வசனம் வந்தது. நிறுத்தினார்.

"பழைய பிரதி இத்தோட நிக்குது. நானும் நிக்கிறேன்."

புத்தகத்தை மூடிவிட்டு இறங்கிவிட்டார். அத்தை என் கையைப் பிடித்தார். போதகர் தண்ணீர் தெளித்தபோது பாப்பா வீறிட்டாள். எனக்கும் அவளோடு சேர்ந்து அழலாம் போலிருந்தது.

அப்போது பெஞ்சு கிறீச்சிட்டது. அங்கிள் எழுந்து, நடைபாதை வழியே நேராக எங்களிடம் வந்தார். கையில் புத்தகம் இல்லை. பாப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"பாப்பா, இது யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாது. மாற்குன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரொம்ப காலமா ஜனங்க நம்பிச் சொன்னது. இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோ."

சொன்னார். சபைக்கே கேட்டது. ஞானஸ்நான வசனத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர், பன்னிரண்டையும் பிசகாமல் சொன்னார். விசுவாசிகள் பாம்பைப் பிடிப்பார்கள், விஷம் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று வந்த இடத்தில் அத்தை பாப்பாவைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். பாப்பா அங்கிளின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடி இல்லாமலே முடித்தார்.

"இவ்ளோவும் மனப்பாடமா வச்சிக்கிட்டா அண்ணே படிக்க மாட்டேன்னீங்க?" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நல்லாத் தெரிஞ்சாதானேம்மா ஒதுக்க முடியும்?"

பொருத்தனை செல்லுமா என்று நான் கேட்பதற்குள் அத்தையே "செல்லும்" என்று சொல்லிவிட்டார். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

என் மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். அந்த வசனங்களை எழுதியது யார் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் வளர்ந்து என்னிடம் கேட்டால், எழுதியவரைப் பற்றி எனக்குத் தெரியாது, உனக்குச் சொன்னவரைக் காட்டுகிறேன் வா என்று கூட்டிப்போவேன்.