பெட்டிக்கு வந்த பாடு

மூழ்கிய கப்பலை மீட்டவர்கள் உலகத்தில் உண்டு. பறிபோன ராஜ்யத்தை மீட்டவர்கள் உண்டு. அடகுக் கடையிலிருந்து தாலியை மீட்டவர்கள்கூட ஒரு சிலர் உண்டு. ஆனால், கறையான் தின்ற ஒரு வீடியோ கேம் பெட்டியை மீட்பதற்காகத் தன் சொந்தப் படகைத் துண்டு துண்டாகக் காணிக்கை கொடுத்த மாவீரர் பழவேற்காட்டுப் பக்கத்தில் ஒரே ஒருவர்தான். அவர் லைட்ஹவுஸ் குப்பம் சகாதேவன். என் தங்கை எல்லம்மாவின் கணவர்.

இந்த வரலாற்றைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் மீட்புக் குழுவின் செயலாளர். பெட்டியின் உண்டியல் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு காயலான் கடை. நண்டு விற்கப் போன சகாதேவன் அங்கே அதைப் பார்த்தார். ஆளுயரம். முகத்தில் ஒரு கண்ணாடி. இடுப்பில் ஒரு குச்சி, இரண்டு பொத்தான். வயிற்றில் காசு போட ஒரு வாய். இளவட்டமாக இருந்தபோது பொன்னேரியில் மீன் விற்ற காசையெல்லாம் விழுங்கிய அதே பெட்டி! சகாதேவனின் கண் கலங்கியது. நண்டுக் கூடை அங்கேயே கைமாறியது. குட்டியானை வண்டியில் பெட்டி நின்றபடியே குப்பத்துக்குள் நுழைந்தது, தேரில் வரும் சாமி மாதிரி.

எல்லம்மா வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாய்யா இது? பீரோன்னா கதவக் காணோம். பிரிட்ஜுன்னா கண்ணாடி வெச்சிருக்குது."

"இது விண்டேஜ்மே!"

"நாம குந்தினு கீறதே வில்லேஜ்தானே? அதுக்கு இன்னாத்துக்குப் பொட்டி?"

"வில்லேஜ் இல்லமே, விண்டேஜ். அரதப் பழசு. பழசுக்குத்தான் இப்ப மவுசு. போன்ல பாரு, ஒருத்தன் துருப்புடிச்ச கத்திய தேச்சினு குந்தினு கீறான். லட்சம் பேரு பாக்குறான்."

"நம்ம படகுகூடப் பழசுதான். அடியில ஓட்ட வேற. அதத் தேயேன், நான் ஒருத்தி பாக்குறேன்."

சகாதேவன் துண்டை எடுத்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். மகான்கள் இம்மாதிரி சில்லறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

படகின் ஓட்டை உண்மைதான். முகத்துவாரத்து மணலில் இடித்து, அடிப்பக்கம் ஒரு முழத்துக்கு விரிசல். அதை ஒட்டுவதற்கென்று ரெசின் டின்னும் ஃபைபர் மேட்டும் வாங்கி மூலையில் வைத்திருந்தார்கள். அவசரம் இருந்தது. மணல்மேட்டுப் பாடு வரப்போகிறது.

பாடு என்பது எங்கள் ஏரியின் அரசியல் சாசனம். இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. மண்டை உடையாமல் இருக்க, தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் குலுக்குவோம். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஓர் ஆணும் அவன் குடும்பமும். ஆனால் பாட்டில் இறங்குவது ஆண்கள் மட்டும்தான். சீட்டு விழுந்த நாளில் அந்த இடம் உன்னுடையது. அன்று உச்சி வெயிலுக்குள் நீ வலை இறக்காவிட்டால் பாடு போச்சு. ஊரையெல்லாம் சுற்றி மறுபடி உன்னிடம் வரும்வரை கரையில் நின்று காற்று வாங்கலாம். மணல்மேடுதான் இருப்பதிலேயே நல்ல பாடு. புயல் கொடி ஏறிப் படகெல்லாம் கரையில் கிடக்கும் நாட்களில், எல்லம்மா வீட்டு அடுப்பு எரிவது அந்த இறாலை நம்பித்தான்.

இது சகாதேவனுக்கும் தெரியும். ஆனால் கலை அழைத்தது.

மீட்புப் பணி தொடங்கியது. பெட்டியின் அடிப்பலகை கறையான் அரித்து உதிர்ந்திருந்தது. மூலையிலிருந்த ரெசின் டின் திறக்கப்பட்டது. ஃபைபர் மேட் வெட்டப்பட்டது. உள்ளும் புறமும் மூன்று பூச்சு. "இனிமே சுனாமியே வந்தாலும் இந்தப் பொட்டியில ஒரு சொட்டு எறங்காது மச்சான்" என்றார் சகாதேவன். குழு கைதட்டியது. வெளியே படகு, ஓட்டையோடு, கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து, படம் தெரியவில்லை. பொன்னேரியிலிருந்து வந்த டி.வி. மெக்கானிக் பிரகாஷ் பின்பக்கம் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "போர்டுக்கு உசுரு கீதுண்ணா. ட்யூப்தான் அவுட்" என்றான். எல்லம்மா சீரியல் பார்க்கும் பழைய டப்பா டி.வி. அறுவை சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டது. மாமியாரிடம் விஷப் பாலைக் கொடுத்த மருமகளோடு அந்த சீரியல் நின்றது. மாமியார் குடித்தாளா இல்லையா என்று எல்லம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

கரண்ட் போனால் ஆட்டம் நின்றுவிடுமே? படகு விளக்கின் பேட்டரி வந்தது. குச்சியில் பிடிமானம் இல்லையே? படகு எஞ்சின் கைப்பிடியின் ரப்பர் உறை வந்தது. இப்படியாகப் படகு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் குடிவந்தது.

கடைசியில் ஒரு தேசியப் பிரச்சினை. பெட்டியின் வாய் இந்தக் காலத்துக் காசை ஏற்க மறுத்தது. அதற்குத் தன் காலத்து டோக்கன்தான் வேண்டும். குழு அவசரமாகக் கூடியது. சகாதேவன் எழுந்து போனார். வலையின் கீழ்க்கயிற்றில் கோத்திருந்த ஈயக்குண்டுகளைக் கழற்றினார். சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். வட்ட வட்டமாக டோக்கன்!

"ஈயம் இல்லாட்டி வல தண்ணில தாழுமா?" என்று எல்லம்மா கேட்டாள்.

"கலை தாழாதுமே!"

இதை நான் குழுவின் பொன்மொழியாக அறிவித்தேன்.

பெட்டி உயிர் பெற்ற மாலை குப்பமே சகாதேவன் வீட்டில் இருந்தது. மேலிருந்து பச்சைப் பச்சையாக ஏதோ வரிசை கட்டி இறங்கியது. கீழே ஒரு குட்டிக் கப்பலிலிருந்து நாம் சுட வேண்டும். வேற்றுக்கிரகப் பூச்சி என்றான் பிரகாஷ். எங்கள் கண்ணுக்கு அது நண்டு. காலும் கொடுக்கும் அப்படியே! அன்று முதல் லைட்ஹவுஸ் குப்பத்தின் ஆண்மக்கள் நண்டு வேட்டையில் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். ஏரியில் இருந்த நிஜ நண்டுகள் நிம்மதியாகப் பிள்ளை பெற்றன.

"நடுவுல செவப்பா இன்னாமோ எழுத்து வருதே?" என்றாள் எல்லம்மா.

"ஆட்டம் முடிஞ்சிச்சின்னு அர்த்தம். இன்னொரு டோக்கன் போட்டா திரும்ப மூணு உசுரு குடுக்கும்."

"மூணா? அதுல ஒண்ண எடுத்து அந்தப் படகப் பாரேன்."

கூட்டம் பெருகியது. யார் முதலில் என்று தள்ளுமுள்ளு. சட்டைகள் கிழிந்தன. ஊர்த் தலைவர் நாகப்பன் தலையிட்டார்.

"இன்னாங்கடா இது, காட்டான் கணக்கா? ஏரில எப்டி? பாடுதானே? பொட்டிக்கும் பாடு வெய்யி!"

இத்தனை எளிமையான மேதைமையை நான் கண்டதில்லை. உடனே சீட்டுக் குலுக்கினோம். தலைக்கட்டுக்கு ஒரு பாடு. ஆனால் நாகப்பனுக்கு ஒரு தனிச் சங்கடம். அவருக்குக் கழுத்து வலி. பச்சை நண்டுகள் அவரை மூன்றே மூச்சில் கொன்றுவிடும். அவர் மனைவி லட்சுமியோ குச்சியைத் தொட்டால் எட்டாவது வரிசை வரை ஒரு நண்டு மிஞ்சாது. தலைவர் பெயர் முதலிடத்தில் நிற்க வேண்டுமே?

எனவே குழு கடற்கரையில் கூடியது. ஊர் வழக்கப்படி தீர்மானத்தை நாகப்பன் மூன்று முறை உரக்கச் சொல்ல, நாங்கள் மூன்று முறை கையைத் தூக்கினோம்: "பாடு தலைக்கட்டுக்கே, தலைக்கு அல்ல. பாட்டுக்குரியவர் வராவிட்டால், அவர் வீட்டு ஆள் ஆணானாலும் பெண்ணானாலும் பாட்டில் இறங்கலாம். யாரும் தடுக்கக் கூடாது!"

கொஞ்சம் தள்ளி மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து எல்லம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"யோவ், நாளைக்கு நம்ம பாடு. ஞாபகம் கீதா?"

"இல்லாமயா? சீட்டு விழுந்ததுலேர்ந்து அதே நெனப்புதான். விடிஞ்சதும் மொத ஆளு நானு!"

எல்லம்மாவால் நம்ப முடியவில்லை. அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் விழுந்தது.

"ஓட்ட?"

"இன்னா ஓட்ட? ஒரு ஓட்டையும் இல்ல. மூணு பூச்சு பூசிட்டேன்."

"ஈயம்?"

"அதெல்லாம் கையில ரெடி."

என் தங்கை அன்று அண்ணன் வீடு தேடி வந்து, "அண்ணே, உம் மாப்பிள்ளைக்குப் புத்தி வந்திருச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் மகிழ்ந்தேன். எதற்கு என்று தெரியாமலே மகிழ்வது செயலாளரின் கடமை.

விடிந்தது. ஐஸ் பெட்டியும் சோற்றுத் தூக்குமாக எல்லம்மா ஏரிக்கரைக்குப் போனாள். படகு கவிழ்ந்து கிடந்தது. விரிசல் அப்படியே வாயைப் பிளந்திருந்தது. கம்பில் வலை தொங்கியது. கீழ்க்கயிறு மொட்டை. புருஷனைக் காணோம்.

அவள் திரும்பி வந்தபோது சகாதேவன் குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, பெட்டியின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் குழு முழுவதும் ஆஜர்.

"யோவ்! இங்க இன்னா குந்தினு கீற? பாடுன்னியே?"

"பாடுதாம்மே! மொத பாடு! பொட்டிப் பாடு!"

எல்லம்மா ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். பச்சை நண்டுகள் மட்டும் 'டொக் டொக்' என்று இறங்கிக்கொண்டிருந்தன.

"அப்ப மணல்மேடு?" என்றாள் எல்லம்மா. அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சகாதேவனின் கை குச்சியில் உறைந்தது. ஒரே நாளில் இரண்டு பாடு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பல் வெடித்தது. ஓர் உயிர் போனது.

நாகப்பன் தொண்டையைக் கனைத்தார். "சூரியன் ஏறிடுச்சிம்மா. வல எறங்கல. மொறப்படி சகாதேவன் பாடு போச்சி. அடுத்த சீட்டு நம்மளுது. நம்ம படகு ரெடியாத்தான் நிக்குது." படகுக்காரர்களிலேயே அன்று படகைத் தயாராக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது தற்செயல். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

"தலைவரே, உச்சி வெயில் வரைக்கும் டைம் கீது. அதான மொற?"

"கீது. ஆனா உம் புருசன் இங்க..."

"அவுரு குந்தட்டும். பாடு தலைக்கா, தலைக்கட்டுக்கா?"

நாகப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"வீட்டு ஆளு, பொம்பளயானாலும் பாட்டுல எறங்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. கடக்கரையில மூணு தபா கத்துனது யாரு?"

"அது... அது பொட்டிப் பாட்டுக்கும்மா!"

"எந்தப் பாடுன்னு சொன்னியா? பாடுன்னுதானே சொன்ன? சரி, பொட்டிதான் வேணும்னா, பொட்டியத்தான் தூக்கினு போறேன். லட்சுமிக்கா! பச்சையம்மா! வாங்கடி!"

மீன் காயவைத்த பெண்கள் மொத்தப் பேரும் உள்ளே வந்தார்கள். எல்லம்மா என்னிடம் கை நீட்டினாள்.

"சாவி."

"எல்லம்மா, செயலாளர் என்கிற முறையில், குழுவின் ஒப்புதல் இல்லாமல்..."

"அண்ணே, குடுக்கிறியா, அண்ணியக் கூப்பிடட்டா?"

அவசரநிலையில் செயலாளர் தனித்து முடிவெடுக்கலாம். எடுத்தேன்.

உண்டியல் திறந்தது. ஈயம் கொட்டியது. கரையிலிருந்து வலையைக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து டோக்கன்களை மடக்கிக் கீழ்க்கயிற்றில் நசுக்கினார்கள். ட்யூப் வெளியே வந்தது. போர்டு வெளியே வந்தது. பேட்டரி வெளியே வந்தது. சகாதேவன் முக்காலியோடு நகர்த்தி வைக்கப்பட்டார். காலியான பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் மல்லாக்கப் போட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது. மூன்று பூச்சு. ஒரு சொட்டு இறங்கவில்லை.

மணல்மேட்டில் இடுப்பளவு தண்ணீர். பெட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பெண்கள் நடந்தார்கள். குச்சியும் பொத்தானும் வானத்தைப் பார்த்தபடி போயின. உச்சிக்கு ஒரு சாண் முன்னால் வலை இறங்கியது. தாழ்ந்தது. மாலையில் பெட்டி திரும்பி வந்தபோது உள்ளே இறால் துள்ளியது. பாடு பிழைத்தது.

குழு அவசரமாகக் கூடியது. பாரம்பரியச் சின்னத்தை நாசம் செய்ததற்காகக் கண்டனம் என்றார் ஒருவர். அவர் மனைவியும் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். குப்பத்தில் முதல் தடவையாகப் பெண்கள் பாட்டில் இறங்கிவிட்டார்கள். அதைத் தடுக்க முடியாது. மூன்று முறை கை தூக்கியாகிவிட்டது. தடுக்க முடியாததை என்ன செய்வது? நாங்கள் செய்தோம் என்று சொல்லிவிடுவதுதான் நிர்வாகம்.

எனவே மறுநாளே பாராட்டு விழா. சகாதேவனை முக்காலியில் உட்கார வைத்தோம். என் புதுத் துண்டே பொன்னாடையாயிற்று. நாகப்பன் கழுத்து வலியையும் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து முழங்கினார்:

"இந்தக் குப்பத்துப் பொம்பளைங்க முன்னேத்தத்துக்காகத் தன் படகு, வல, எஞ்சின் எல்லாத்தையும் தியாகம் பண்ணி, ராப்பகலாப் பாடுபட்ட நம்ம சகாதேவன்..."

கைதட்டல் வானைப் பிளந்தது. சகாதேவன் அடக்கமாகக் கும்பிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து இறால் கூடையை இறக்கி வைத்த எல்லம்மாவின் குரல் வந்தது.

"தலைவரே, சரியா சொல்லு. பாடுதான் அவுருது. பட்டது நானு."